கிழக்குச் சுவரின் நான்கு ஜன்னல்கள்

"சின்னவள் வந்த பிறகுதான் இந்த வீட்டுக்கு முகமே தெளிந்திருக்கிறது" என்று வினிஃப்ரெட் சொன்னது, சண்முகவடிவின் காதில் விழ வேண்டும் என்று சொன்னதல்ல. வீட்டைச் சுத்தம் செய்யச் சம்பளமில்லாமல் வரும் தொண்டர்க் கிழவிகளில் ஒருத்தியான வினிஃப்ரெட், மாடிப்படியில் நின்று கைப்பிடியில் செதுக்கிய மரப்பூக்களை இறகுத் துடைப்பத்தால் தட்டிக்கொண்டிருந்தாள். அதே படிக்கட்டின் அடியில், இருட்டுக்குள் மண்டியிட்டு, ஓக் பலகைகளில் வண்டு துளைத்த ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள் வடிவு.

"பெரியவளும் நல்ல பெண்தான்" என்றாள் கூட இருந்த இன்னொரு கிழவி.

"நல்ல பெண்தான், யார் இல்லை என்றது? பெரியவள் வீட்டைப் படம் வரைகிறாள். சின்னவளிடம் வீடு பேசுகிறது."

இரண்டு பேரும் சிரித்தபடி அடுத்த அறைக்குப் போனார்கள். வடிவுக்கு எண்ணிக்கை நாற்பத்து மூன்றில் விட்டுப்போனது. முதலிலிருந்து ஆரம்பித்தாள், மறுபடியும் விட்டுப்போனது. பதினொரு வருடத்தில் இந்த வீட்டில் அவளுக்கு ஒரு எண் தவறியது அன்றைக்குத்தான்.

ஹார்ல்கோட் வீடு நானூறு வருடங்களாக அந்த ஆங்கிலக் கிராமத்துச் சரிவில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்துக் குன்றிலிருந்து வெட்டியெடுத்த சுண்ணாம்புக் கல்லால் கட்டியது. மழையில் கல் சாம்பல் நிறமாகத் தெரியும், சாயங்கால வெயிலில் தேன் பூசியது மாதிரி இருக்கும். முன்பக்கம் மூன்று முக்கோண முகப்புகள், கூரைக்கும் கல்லே ஓடு. உச்சியில் உள்ளங்கை அகலத்தில் தொடங்கும் ஓடுகள் இறங்க இறங்கப் பெருத்து, தாழ்வாரத்துக்கு வரும்போது முறம் அளவுக்கு ஆகிவிடும். ஒவ்வொரு ஜன்னலையும் கல் தூண்கள் இரண்டாகவும் மூன்றாகவும் பிரித்திருக்கும். எந்தக் கொத்தனார் எந்தக் கல்லில் தன் அடையாளத்தைக் கீறினான் என்பது வடிவுக்குத் தெரியும். பெரிய கூடத்துக் கணப்பின் மேல் செதுக்கிய திராட்சைக் கொத்தில் எந்தப் பழம் உடைந்திருக்கிறது என்பது தெரியும். மழைத் தண்ணீர் கூரையின் எந்தப் பீலியில் முதலில் இறங்கும், எந்தப் பீலியில் கடைசியாகச் சொட்டி நிற்கும் என்பதும் தெரியும். சென்னையில் கட்டடக்கலை படித்து, கல்யாணமாகி, கணவன் சிவனணைந்தானுக்கு இங்குள்ள ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததால் கூடவே வந்தவள். வீட்டைப் பராமரிக்கும் அறக்கட்டளை அவளை ஆறு மாதத்துக்கு என்றுதான் வேலைக்கு எடுத்தது. வீட்டைக் கல் கல்லாக வரைந்து தர வேண்டும், அதுதான் வேலை. ஆறு மாதம் பதினொரு வருடமானது. அவள் வரைந்த படங்கள் இன்றைக்கும் நுழைவுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகின்றன. பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் வந்து, வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போவார்கள். நாலு பேர் கூடிய இடத்தில் நிமிர்ந்து பேசத் தெரியாத வடிவு, அந்தப் படங்களுக்குப் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் கொஞ்சம் உயரமாகத் தெரிவாள்.

சின்னவள் என்பது இசக்கி, வடிவின் ஓர்ப்படியாள். சிவனணைந்தானின் தம்பி கொம்பையா முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்து வந்தபோது, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கூடவே அவளும் வந்தாள். ஹார்ல்கோட் வீட்டின் தேநீர்க்கடைச் சமையலறையில் அவளுக்கு ஓர் இடம் வாங்கிக் கொடுத்ததே வடிவுதான். வாயைத் திறந்து யாரிடமும் எதுவும் கேட்காதவள், மேலாளர் ஹேலிடம் போய், "என் கொழுந்தன் பெண்டாட்டி, மாவு பிசைந்தால் கை சுத்தமாக இருக்கும்" என்று அவளுக்காகக் கேட்டிருந்தாள்.

பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரைக்கு, முதல் ஜன்னல் வந்தது. கிழக்குப் பக்கச் சமையலறை அது. மூன்றடி கனத்தில் நாலு பக்கமும் சுவர், பகலிலும் விளக்கெரியும். இசக்கி மாவை வெட்டித் தட்டில் அடுக்கினாள், தட்டை அடுப்புக்குள் தள்ளினாள், திரும்பினாள். மேஜைக்கு எதிரே சுவர் இருந்த இடத்தில் மூன்று பாகமாகப் பிரிந்த ஒரு கல் ஜன்னல் இருந்தது. தூண்களின் விளிம்பு மழையில் மழுங்கியிருந்தது. வெளித்திண்டில் மஞ்சள் பாசி படர்ந்திருந்தது. கண்ணாடி லேசான பச்சையோடு, நானூறு வருடத்துக் காற்றுக்குமிழிகளோடு இருந்தது. அதன் வழியாக வந்த வெயில் மேஜை மேலிருந்த மாவில் விழுந்தது. இசக்கி மாவுக் கையோடு வெயிலில் கையை நீட்டிப் பார்த்தாள். பிறகு அடுத்த தட்டுக்கு மாவு வெட்டினாள், கடையில் கூட்டம் காத்திருந்தது.

"என்னட்டி செஞ்ச?" என்று வடிவு ஓடிவந்து கேட்டாள்.

"நான் ஒண்ணுஞ் செய்யலக்கா. மூச்சு முட்டுதேன்னு சொன்னேன், அவ்வளவுதான்."

"யார்ட்ட சொன்ன?"

"இங்க வேற யாரு இருக்கா? செவத்துக்கிட்டதான் சொன்னேன்."

"எந்த பாஷையில?"

"எனக்கு எத்தன பாஷ தெரியும்? நல்லாக் கேக்கிய போங்க."

மார்ச் மாதம் பலசரக்கு அறையில் ஒன்று வந்தது, இசக்கி சர்க்கரை மூட்டையைத் தேடிக்கொண்டிருந்தபோது. அதற்கு இரண்டு வாரம் கழித்து, மாடியில் மேஜை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த துணி அறையில் ஒன்று. நாலாவது ஏப்ரலில், பின்பக்கச் சுழல்படியில். நாலும் அதே கிழக்குச் சுவரில்தான். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஊரிலிருந்து செய்தி வந்த நாள், இசக்கி அந்தப் படியில் உட்கார்ந்து போனை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். முந்தானையால் முகம் துடைத்து நிமிர்ந்தபோது, உட்கார்ந்திருப்பவளின் கண்ணுக்கு நேரான உயரத்தில், ஒரு சாண் அகலத்தில், ஒற்றை ஜன்னல். வெளியே ஆட்டுக்குட்டிகள் மேய்ந்துகொண்டிருந்தன.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம் பற்றிச் சொல்ல வேண்டும். ஜன்னல் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வீடு பழசு, பழசானவர்களுக்குச் சில நேரம் அப்படித் தோன்றும், அதில் என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டார்கள். அவர்களுடைய கவலையெல்லாம் வேறு. துணி அறையின் எதிர்ச்சுவரில் தொங்கும் பழைய பட்டுத் திரையில் வெயில் பட்டால் சாயம் வெளுத்துப்போகுமே என்று தொண்டர்கள் ஓடிவந்து கருப்புத் துணி கட்டினார்கள். எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று மணிக்கொரு தரம் கருவி வைத்து அளந்து நோட்டில் எழுதினார்கள். வௌவால் கணக்கெடுக்கிறவர் வந்து, புதுத் திண்டுகளில் வௌவால் தங்க வாய்ப்புண்டா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு, அவை குட்டி போடும் காலம் என்பதால் செப்டம்பர் வரை எதையும் தொடக்கூடாது என்று சொல்லிப் போனார். தேவாலயத்தின் மாதத் துண்டுத்தாளில், காணாமல்போன சாம்பல் பூனைக்கும் பழைய துணி விற்பனைக்கும் நடுவில், 'ஹார்ல்கோட் வீட்டில் மேலும் ஒரு ஜன்னல், திருமதி இசக்கிக்கு நன்றி' என்று ஒரு வரி வந்தது. கண்ணாடி துடைக்கிறவன் தன் ஏணியை இரண்டடி நீட்டிக்கொண்டான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இசக்கியைத் தங்கள் வகுப்புக்குக் கூட்டிப்போய், இருட்டு மூலையில் ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்தார்கள். அங்கே ஒன்றும் வரவில்லை, அதிலும் யாருக்கும் வருத்தமில்லை. பள்ளிக்கூடம் எண்பது வருடத்துச் செங்கல், அதற்கு இன்னும் வயதாகவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள்.

வடிவு மட்டும் சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "என்ன, ஆபீஸ்ல ஏதும் பிரச்சனையா?" என்று சிவனணைந்தான் கேட்டான். "ஒண்ணுமில்ல" என்றாள். என்னவென்று சொல்வது? ஒரு வீடு தன்னைப் பார்க்காமல் தன் ஓர்ப்படியாளைப் பார்க்கிறது என்றா? வேறொருத்தி தன் புருஷனைப் பார்த்துச் சிரித்திருந்தால்கூட ஊரைக் கூட்டிச் சண்டை போடலாம். இதற்கு எந்த வாசலில் போய் நிற்பது? பதினொரு வருடமாக மழையிலும் பனியிலும் அதன் சுவரை ஒட்டி நின்றவள் அவள். விரல் விறைத்துப் பென்சில் நழுவிய நாட்கள் உண்டு. தனக்கென்று ஒரு வெளிச்சம் கேட்க வேண்டும் என்று ஒருபோதும் தோன்றியதில்லை. சில மாதம் முன்னால் வந்து, கணப்பைப் பார்த்து, "யாத்தே, இதுல ஒரு முழுக் கிடாயச் சுடலாம் போலுக்கே" என்று சொன்ன ஒருத்திக்கு, கேட்காமலே நாலு.

முதல் மூன்றைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். நாலாவதை அவளால் பொறுக்க முடியவில்லை. அதன் உயரத்தை மூன்று தரம் அளந்தாள். மற்றது மூன்றும் ஒரு சமையலறைக்கோ ஒரு அறைக்கோ வந்தவை என்று சொல்லிவிடலாம். இது, அழுகிற ஒருத்தியின் கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து வந்தது.

மே மாதம் மூன்று நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், வடிவு மேற்குப் பக்கத்து ஆவண அறையில் போய் உட்கார்ந்தாள். அங்கேயும் ஜன்னல் கிடையாது. முதல் நாள் சும்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள், இத்தனை வருடம் ஆங்கிலத்தில் மட்டுமே 'குட் மார்னிங்' சொல்லியிருந்த சுவரிடம், தமிழில், மெதுவாக, மூச்சு முட்டுகிறது என்று சொன்னாள். அது பொய். மூன்றாம் நாள் பொய் சொல்லவில்லை. கலைந்துபோன தன் இரண்டு கர்ப்பத்தையும் பற்றிச் சொன்னாள், யாரிடமும் சொல்லாததை. சுவரைப் பார்க்காமல் கதவுப் பக்கம் திரும்பி, இசக்கி திரும்பியது மாதிரியே திரும்பி, நூறு வரை எண்ணிவிட்டு மறுபடி பார்த்தாள். ஒரு சிலந்தி நூல் பிடித்துப் பாதி தூரம் இறங்கியிருந்தது.

கதவைத் திறந்து ஹேல் எட்டிப் பார்த்தார். "வடிவு, இங்கேயா இருக்கிறீர்கள்? ஏன் விளக்குப் போடவில்லை?"

அன்று சாயங்காலம் பேருந்துக்காகக் காத்திருந்தபோது இசக்கி ஒரு டப்பாவைத் திறந்து நீட்டினாள். உள்ளே உடைந்த பிஸ்கட்டுகள்.

"யக்கா, உங்க மொகமே சரியில்ல. அந்தப் பேப்பர் ரூம்புல போயா உக்காந்திருந்திய? வினிஃப்ரெட் சொல்லிச்சு."

"கணக்கெடுத்துட்டு இருந்தேன்."

"நான் வேணா வந்து ஒங்களுக்கும் ஒண்ணு கேட்டுப் பாக்கட்டா?"

அவள் பிரியமாகத்தான் கேட்டாள். வடிவு ஒரு பிஸ்கட்டை எடுத்து, பேருந்து வரும்வரை கையிலேயே வைத்திருந்தாள். பிறகு ஜன்னலோர இருக்கையில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஜூனில் மாவட்டத் திட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ள கட்டடத்தில் அனுமதி இல்லாமல் ஜன்னல் வைக்கக்கூடாது. யார் வைத்தது என்பது அலுவலகத்துக்கு முக்கியமில்லை. முன்பே அனுப்பிய படிவத்தில், விண்ணப்பதாரர் என்ற இடத்தில் ஹேல் 'வீடு' என்று எழுதியிருந்ததை அவர்கள் ஆட்சேபிக்கவும் இல்லை, கையெழுத்து இல்லை என்று மட்டும் குறித்திருந்தார்கள். அந்த இடங்களில் பழைய காலத்தில் ஜன்னல் இருந்ததற்கு ஒரே ஒரு சான்று காட்டினாலும், பழையது திரும்பியதாக எடுத்துக்கொண்டு நாலையும் விட்டுவிடலாம். இல்லையென்றால் செப்டம்பரில், வௌவால்கள் போன பிறகு, கல் வைத்து மூட வேண்டும். நேரில் பார்க்க அதிகாரி க்ரோவ் வருவார்.

ஹேலுக்குக் கடிதம் பெரிய கவலையாக இல்லை. "ஜன்னலுக்கு வரி போட்ட காலத்தில் இந்த நாட்டில் பாதி ஜன்னலை மூடிவைத்தார்கள். இங்கேயும் மூடியிருப்பார்கள். பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். எங்கே, உங்கள் படத்தை எடுங்கள்."

வடிவு சுருளை விரித்தாள். கிழக்குச் சுவர், உட்புறம். ஒவ்வொரு கல்லும் அதனதன் வரிசையில், மயிரிழை மாதிரி கோடுகளில், அழகாக, சமமாக, எங்கும் ஒரு உடைசல் இல்லாமல் இருந்தது.

"இல்லை" என்றாள் வடிவு. "இருந்ததற்கு அடையாளம் எதுவும் இல்லை."

ஹேல் படத்தைத் திரும்பச் சுருட்டினார். "நீங்கள் சொன்னால் சரிதான்" என்றார்.

அவள் சொன்னது சரியில்லை. வேலைக்குச் சேர்ந்த வருடம் மின்கம்பி மாற்றுவதற்காகக் கிழக்குச் சுவரின் பூச்சை ஒரு வாரம் உரித்துப் போட்டிருந்தார்கள். அந்த வாரம் அவள் பார்த்தாள். இப்போது ஜன்னல் வந்திருக்கும் அதே நாலு இடத்தில் கல் வரிசை நேர்கோடாக வெட்டுப்பட்டிருந்தது. நடுவில் சின்னச் சின்ன மட்டக் கற்களை அவசரத்தில் திணித்திருந்தார்கள். மேலே, மூடிய ஜன்னலுக்கு மேலுள்ள சுவரின் பாரத்தைத் தாங்கிய வளைவு, புருவம் மாதிரி அப்படியே இருந்தது. சுவரும் நிலைக்குத்தாக இல்லை, நாலு அங்குலம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. எல்லாவற்றையும் அளந்து குறித்துக்கொண்டாள். பிறகு, சுத்தப்படி வரைய உட்கார்ந்தபோது, கல்யாணப் போட்டோவில் பெண்ணின் அம்மைத் தழும்பை அழித்துக் கொடுக்கிற ஸ்டுடியோக்காரர் மாதிரி, வளைவுகளை விட்டாள், ஒட்டுக்கற்களை வரிசைக் கற்களாக்கினாள், சாய்வை நிமிர்த்தினாள். இருபத்தேழு வயதில், அந்த வீட்டின் மேல் அப்படியொரு மயக்கத்தில் இருந்தாள். அதற்கு நல்லது செய்கிறோம் என்றே நினைத்தாள். மறுவாரம் பூசிவிட்டார்கள். படத்துக்குப் பரிசு கிடைத்தது. பிறகு அதைத் திருத்த ஒரு நாளும் நேரம் வரவில்லை.

இப்போது வாயைத் திறந்தால் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குவது பொய் என்று தெரிந்துவிடும். திறக்காவிட்டால் இசக்கியின் ஜன்னல்கள் மூடப்படும். இரவு தூங்கப் போகும் முன் இதை நினைத்தால் தனக்கு உள்ளுக்குள் இனிக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

ஜன்னல்களை மூடப்போகிறார்கள் என்பதையும் ஊர் ஏற்றுக்கொண்டது. ஜன்னல்களை வழியனுப்ப நாற்காலியோடு வந்தார்கள். தொண்ணூறு வயதுத் தாயாரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்த ஒருத்தி, கிழவியைச் சமையலறை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தாள். பட்டுத் திரைக்குக் காவல் நின்றவர்களே கருப்புத் துணியை அரைமணி நேரம் விலக்கிவிட்டு, வெளிச்சம் அளக்கும் கருவியைப் பையில் போட்டுக்கொண்டார்கள். பூனையைப் பற்றி மட்டும் இன்னும் தகவல் இல்லை.

அதிகாரி வருகிற நாள் காலையில் வடிவு சமையலறைக்குள் போனாள். இசக்கி சப்பாத்திக் கட்டையால் மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். கட்டையை மேஜையில் வைத்தாள். அது தானாக உருண்டு, ஜன்னல் பக்கத்து மேஜை விளிம்புக்குப் போனது. இசக்கி பார்க்காமலே கையை நீட்டிப் பிடித்தாள்.

"தெனமும் இப்படித்தானா?" என்றாள் வடிவு.

"வந்த நாள்லருந்தே. தரை அந்தப் பக்கம் எறக்கம்லா. செவரும் சாஞ்சிருக்கே, நீங்க பாத்ததில்லையா?" இசக்கி மாவுக் கையால் சுவரைத் தட்டினாள், மாட்டின் விலாவைத் தட்டுகிற மாதிரி. "எங்க ஆச்சி கடேசிக் காலத்துல இப்படித்தான், ஒருபக்கமா சாஞ்சே நிப்பா. அதான் எனக்கு மொத நாளே இதப் பிடிச்சுப் போச்சு. பாவம், எத்தன வருசமா இப்படி நிக்கோ, இடுப்பு கடுக்காதான்னு கேட்டேன்."

"செவத்துக்கிட்டயா?"

"பின்ன ஒங்ககிட்டயா?"

வடிவுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு வருடத்தில் தான் அதை ஒன்றும் கேட்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஆவண அறையில்கூட, சொன்னாள், வேண்டினாள், கேட்கவில்லை. இசக்கியின் மேல் இருந்த எரிச்சல் குறையவில்லை, இன்னும் கொஞ்சம் கூடியது.

"மூடுனா என்ன செய்வ?"

"நான் என்னத்தச் செய்ய? வெளக்கப் போட்டுக்கிடுவேன்." இசக்கி மாவைப் புரட்டினாள். "இதுக்குத்தான் கஷ்டம். ஆசையாத் தொறந்துச்சு."

க்ரோவ் பதினோரு மணிக்கு வந்தார். மெலிந்த, ஜலதோஷம் பிடித்த பெண்மணி. கூடவே, அளவு பார்க்க ஒரு கொத்தனார், தோளில் கருவிப் பையோடு. நாலு ஜன்னலையும் க்ரோவ் நிதானமாகப் பார்த்தார். சுழல்படி ஜன்னலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் பார்த்தார். கடைசியில் சமையலறைக்கு வந்து, தூணின் மழுங்கிய விளிம்பில் விரலை ஓட்டினார்.

"இவ்வளவு நல்ல வேலையை மூடச் சொல்வது எனக்கே வருத்தம்தான்" என்றார். "பூச்சை உடைத்துப் பார்க்கச் சொல்லவும் எனக்கு அதிகாரம் இல்லை, அதுவும் நானூறு வருடத்து வீட்டில். படம் ஒன்றுதான் ஆதாரம். இது உள்ளது உள்ளபடி வரைந்தது என்று ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள், போதும்."

ஹேல் படத்தை மேஜையில் விரித்து, நாலு மூலையிலும் சர்க்கரைக் கிண்ணங்களை வைத்தார். வாசலில் வினிஃப்ரெட்டும் மற்ற கிழவிகளும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். இசக்கி மாவுக் கையை ஏப்ரனில் துடைத்து, தன் பேனாவை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்கக்கா."

வடிவு பேனாவை வாங்கினாள். மூடியைக் கழற்றினாள். படத்தைப் பார்த்தாள், நேராக நிற்கும் சுவரை, ஒரு தழும்பும் இல்லாத சுவரை. பேனாவை அதன் மேலேயே வைத்தாள். அது உருண்டு, மேஜை விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்தது. யாரும் குனியவில்லை. வடிவு கொத்தனாரின் பக்கம் போனாள், அனுமதி கேட்காமல் அவருடைய பைக்குள் கையை விட்டு, சுத்தியலையும் உளியையும் எடுத்தாள். ஸ்டூலை இழுத்து ஜன்னலுக்கு அடியில் போட்டு, மேலே ஏறினாள்.

"வடிவு" என்றார் ஹேல். "வடிவு, அது குற்றம். உங்களுக்குத் தெரியும்."

"தள்ளி நில்லுட்டி" என்றாள் வடிவு, இசக்கியிடம். "கண்ணுல சுண்ணாம்பு விழும்."

ஜன்னலுக்கு மேலே, ஒரு முழம் தள்ளி, உளியை வைத்து ஓங்கி அடித்தாள். பூச்சு பெயர்ந்து படத்தின் மேல் விழுந்தது. கல் வளைவு ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தெரிகிறவரைக்கும் அடித்தாள்.